ஓய்வூதிய வயதைக் குறைக்கச் சொன்னால் ஏன் எல்லாரும் சிரிக்கிறார்கள்?

சும்மாஇருப்பவன்:

எந்த நாட்டுச் செய்தியைத் திறந்தாலும் அரசு ஓய்வூதிய வயதை ஏற்றுகிற பேச்சுதான். டென்மார்க்கில் 2040இல் 70 ஆக்க 2025இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். பிரிட்டனில் 2026இலிருந்து 2028க்குள் 67 ஆகிறது. ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 50 அல்லது 55 என்று பல காலம் வைத்திருந்த சீனாவும் 2025 ஜனவரியிலிருந்து மெல்ல ஏற்றத் தொடங்கிவிட்டது. இந்த நேரத்தில் போய் ‘வயதைக் குறைக்கணும்’ என்று சொன்னால் ஆளை ஏற இறங்கப் பார்க்கிறார்கள், ஏதோ கஜானாவைக் கொள்ளையடிக்கச் சொன்ன மாதிரி.

எனக்கு அது நியாயமான கோரிக்கையாகத்தான் படுகிறது. பதினாறு வயதில் மூட்டை தூக்கப் போனவரும் இருபத்தைந்து வரை படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவரும் ஒரே வயதில்தான் பென்ஷன் வாங்க வேண்டுமாம். முதல் ஆள் ஒன்பது வருஷம் கூடுதலாக உழைத்திருக்கிறார், பெரும்பாலும் சீக்கிரம் செத்தும் போகிறார். அவர் கட்டிய பணத்தில் இரண்டாவது ஆள் எண்பத்தைந்து வரை வாங்குகிறார். இதில் யார் யாரைக் கொள்ளையடிக்கிறார்கள்?

கணக்குப்பிள்ளை:

உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் நீங்கள் சொல்வது வேலையை வைத்துப் பிரிக்க வேண்டும் என்பதற்கான வாதம். எல்லாருக்கும் வயதைக் குறைப்பதற்கான வாதம் இல்லை. எல்லாருக்கும் குறைத்தால் அந்த நாற்காலிக்காரருக்கும் சேர்த்துத்தானே குறைகிறது? அவர்தான் அதிக வருஷம் வாழப் போகிறார், அவருக்குத்தான் கூடுதல் லாபம்.

செலவையும் பார்த்துவிடுவோம். 65 வயதை எட்டியவர் சராசரியாக இன்னும் இருபது வருஷம் இருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதை 60 ஆக்கினால் அவருக்குக் கொடுக்க வேண்டியது இருபது வருஷத்திலிருந்து இருபத்தைந்து ஆகிறது, அதாவது கால் பங்கு கூடுதல். இதோடு முடியவில்லை. 65ஐத் தொடாமலே இறந்துபோகிறவர்களுக்கும் இப்போது கொடுக்க வேண்டிவரும் (அது நல்லதுதான், ஆனால் அதுவும் செலவு). சம்பளத்தில் பிடித்துச் சந்தா கட்டுகிற திட்டமாக இருந்தால் அந்த ஐந்து வருஷம் வந்துகொண்டிருந்த சந்தாவும் நின்றுபோகும். ஒரே ஆள் கட்டுகிறவர் பக்கத்திலிருந்து வாங்குகிறவர் பக்கத்துக்கு மாறுகிறார், இரண்டு பக்கமும் அடி.

நியூசிலாந்தில் இதைச் செய்து பார்த்தார்கள். 1977இல் 60 வயதான எல்லாருக்கும் பென்ஷன் என்று கொண்டுவந்தார்கள், சொத்து வருமானம் எதுவும் கேட்கவில்லை. மக்களுக்குக் கொண்டாட்டம். தாங்க முடியாமல் 1992இலிருந்து ஏற்ற ஆரம்பித்து 2001இல் திரும்ப 65க்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 60ஐ நம்பி வேலையை விடத் திட்டம் போட்டிருந்தவர்கள்தான் நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

பழையபேப்பர்:

குறைப்பது என்னவோ விபரீதம் என்பது மாதிரி பேச்சு போகிறது. ஓய்வூதிய வரலாற்றில் முதல் பாதியே வயதைக் குறைத்த கதைதான். ஜெர்மனியில் பிஸ்மார்க் தலைமை அமைச்சராக இருந்த காலத்தில், 1889இல் சட்டம் வந்தபோது வயது 70. பிஸ்மார்க்தான் 65 என்று வைத்தார் என்று இன்னமும் பலர் எழுதுகிறார்கள், கிடையாது, 65 ஆனது 1916இல், அதுவும் உலகப் போரின் நடுவில். பிரிட்டனில் 1908 சட்டப்படி 70 வயது ஆனவருக்கு வாரம் ஐந்து ஷில்லிங், அதுவும் ஏழையாக இருந்தால்தான். 1925இல் சந்தாத் திட்டம் வந்து 65 ஆனது, 1940இல் பெண்களுக்கு 60. கனடாவில் 70ஆக இருந்ததை 1966 முதல் வருஷத்துக்கு ஒரு வயதாக இறக்கி 1970இல் 65க்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ‘நாடு திவாலாகும்’ என்று சொல்ல ஆள் இருந்திருப்பார்கள்.

இன்னொரு பழைய கதையையும் இங்கேயே உடைத்துவிடலாம். ‘அந்தக் காலத்தில் சராசரி ஆயுள் ஐம்பதுதான், அதனால் 70 என்று வைத்தது யாருக்கும் கொடுக்காமல் ஏமாற்றத்தான்’ என்பார்கள். சராசரி ஆயுள் குறைவாக இருந்ததற்குப் பெரிய காரணம் பிறந்த குழந்தைகள் கொத்துக் கொத்தாக இறந்தது. குழந்தைப் பருவத்தைத் தாண்டியவர்கள் கணிசமான பேர் அறுபது எழுபது வரை இருந்தார்கள். ஓய்வூதிய விவாதத்தில் பிறக்கும்போது உள்ள சராசரி ஆயுளைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும் நம்பாதீர்கள். பார்க்க வேண்டியது அறுபதிலோ அறுபத்தைந்திலோ நிற்கிறவருக்கு இன்னும் எத்தனை வருஷம் என்பதைத்தான். அதிலும் பணக்காரருக்கு எத்தனை, கூலிக்காரருக்கு எத்தனை என்று பிரித்துப் பார்த்தால்தான் விஷயமே வெளியே வரும்.

முட்டுச்சந்து:

எல்லாம் சரி, ஆனால் ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. பெரியவர்கள் சீக்கிரம் கிளம்பினால்தான் வேலை தேடுகிற எங்களுக்கு இடம் காலியாகும். அதற்காகவாவது குறைக்கலாம். நான் கை தூக்கிவிட்டேன்.

கணக்குப்பிள்ளை:

முட்டுச்சந்து தம்பி, இது கேட்க நன்றாக இருக்கும், நடந்ததில்லை. பிரான்ஸில் மித்தரான் ஆட்சி 1982இல் அவசரச் சட்டம் போட்டு 65ஐ 60 ஆக்கியபோது இதே வாதத்தையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். அந்தப் பத்தாண்டு முழுக்க அங்கே இளைஞர் வேலையின்மை பெரிய பிரச்சினையாகவே இருந்தது. ஏனென்றால் ஒரு நாட்டில் இத்தனை வேலைதான் என்று யாரும் எண்ணி வைத்திருக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது மேற்பார்வையாளர் போய்விட்டால் அந்த இடத்தில் இருபத்திரண்டு வயதுப் பையனை அப்படியே உட்கார வைக்க முடியாது, பல சமயம் அந்த இடத்தையே எடுத்துவிடுவார்கள். போனவருக்குப் பென்ஷன் கொடுக்க சந்தா விகிதத்தை ஏற்றினால் புதிதாக ஆள் எடுப்பது முதலாளிக்கு இன்னும் செலவு பிடிக்கும். கடைசியில் அந்தச் சுமையும் உங்கள் சம்பளத்தில்தான் பிடிபடும்.

முட்டுச்சந்து:

சரி, கையைக் கீழே போட்டுக்கொள்கிறேன். பாதிதான்.

கொத்தனார்மகள்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். கணக்கு, வரலாறு எல்லாம் வந்துவிட்டது, அந்த இடைப்பட்ட வருஷங்களில் ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்பது மட்டும் வரவில்லை.

உடல் உழைப்பில் ஐம்பது தாண்டினாலே ஆள் எடுக்கும்போது யோசிப்பார்கள். ஐம்பத்தைந்தில் முழங்காலோ முதுகோ போய்விடும், கண் மங்கும், உயரத்தில் ஏற விடமாட்டார்கள். வேலை கிடைக்காது, கிடைத்தாலும் பாதிக் கூலி. பென்ஷன் வயதோ இன்னும் வரவில்லை. ‘வயதை ஏற்றினால் மக்கள் கூடுதலாக வேலை பார்ப்பார்கள்’ என்று எழுதுகிறார்களே, அது வேலை கிடைக்கிற ஆட்களுக்கு. இவர்களுக்கு வயதை ஏற்றினால் வேலை கூடாது, பட்டினிதான் கூடும். சேர்த்து வைத்தது அந்த வருஷங்களில்தான் கரைகிறது, கடன் ஏறுவதும் அப்போதுதான். பிறகு பென்ஷன் வரும்போது அது கடன்காரர் கைக்குப் போகும்.

என் அப்பாவை அறுபது வரை காத்திருக்கச் சொன்ன அதிகாரி அவரைவிட ஒரு வயது மூத்தவர். அவர் ஏசி அறையில் இருந்தார். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

டென்மார்க்கில் 70 என்று சட்டம் போட்டதை முதல் பதிவில் பார்த்தேன். அதே நாட்டில் 2022இலிருந்து இன்னொன்றும் நடைமுறையில் இருக்கிறது, அதைப் பேச்சுவழக்கில் ஆர்னே ஓய்வூதியம் என்கிறார்கள், மதுபான ஆலைத் தொழிலாளி ஒருவரை முகமாக வைத்து நடந்த தேர்தல் பிரச்சாரத்திலிருந்து வந்த பெயர். 61 வயதுக்குள் 42 வருஷம் வேலைச் சந்தையில் இருந்திருந்தால் ஒரு வருஷம் முன்னாலேயே போகலாம், 43 என்றால் இரண்டு வருஷம், 44 என்றால் மூன்று. ஜெர்மனியிலும் 2014இல் 45 வருஷம் சந்தா கட்டியவர்கள் 63இல் பென்ஷன் தொகையில் வெட்டு இல்லாமல் போகலாம் என்று கொண்டுவந்தார்கள். பிரான்ஸில் சின்ன வயதில் வேலைக்கு வந்தவர்களுக்கு 2003 முதலே தனி வழி உண்டு. ஆக, ‘எப்போது பிறந்தாய்’ என்று கேட்காமல் ‘எப்போது உழைக்க ஆரம்பித்தாய்’ என்று கேட்கலாம். கேட்கிற நாடுகள் இருக்கின்றன.

சும்மாஇருப்பவன்:

அக்கா, இதைத்தான் நான் சொல்ல வந்தேன், நீங்கள் சொன்ன அளவுக்குத் தெளிவாக எனக்கு வரவில்லை.

இரவல்பேனா:

கொஞ்சம் பொறுங்கள். உழைத்த வருஷத்தை எண்ணுவது சந்தாப் பதிவேடு உள்ள ஊரில் நடக்கும். எந்தப் பதிவும் இல்லாமல் தினக்கூலிக்கு நாற்பது வருஷம் உழைத்தவர் எதைக் காட்டுவார்? உலகத்தில் பெரும்பாலான ஏழைகள் இந்த வகைதான். வீட்டிலேயே பிள்ளையையும் மாமியாரையும் பார்த்துக்கொண்டு காலம் போன பெண்ணுக்கு எத்தனை வருஷம் என்று எழுதுவீர்கள்? (ஜெர்மனியில் பிள்ளை வளர்த்த காலத்தைக் கணக்கில் சேர்க்கிறார்கள், ஆனால் அங்கே எல்லாவற்றுக்கும் காகிதம் உண்டு.)

அதனால் இரண்டு விதப் பென்ஷனையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. ஒன்று, சம்பளத்தில் பிடித்துக் கட்டி வாங்குவது. மற்றது, வரிப்பணத்திலிருந்து முதியவருக்கு, பெரும்பாலும் ஏழை முதியவருக்கு, அரசு கொடுக்கிற உதவித்தொகை. இரண்டாவதில் சந்தா நின்றுபோகும் என்ற பேச்சே இல்லை. வேலையை விட்டால்தான் தருவேன் என்றும் சொல்வதில்லை, முடிகிற அளவு வேலையும் பார்த்துக்கொண்டு இதையும் வாங்கலாம். கணக்குப்பிள்ளை சொன்ன ‘இரண்டு பக்கமும் அடி’ இங்கே பாதிதான் பொருந்தும்.

இந்த இரண்டாவது வகையில் வயதைக் குறைத்த நாடுகள் நிறைய. நேபாளம் 1990களின் நடுவில் ஆரம்பித்தபோது 75 வயது, மாதம் நூறு ரூபாய், அவர்கள் ரூபாயில். 2008இல் 70 ஆனது. அதே நேரத்தில் தலித்துகளுக்கும் கர்னாலிப் பகுதி மக்களுக்கும் 60 என்று தனியாக வைத்தார்கள், ஏனென்றால் அந்த மலைப்பகுதியில் எழுபதைத் தொடுகிறவர்களே குறைவு. 2022இல் பொது வயதை 68 ஆக்கினார்கள். தென்னாப்பிரிக்காவில் பெண்களுக்கு 60, ஆண்களுக்கு 65 என்று இருந்தது. ஆண்கள் பாரபட்சம் என்று வழக்குப் போட்டார்கள், 2008இல் சட்டத்தைத் திருத்திப் படிப்படியாக 2010க்குள் ஆண்களுக்கும் 60 ஆக்கிவிட்டார்கள். சமப்படுத்துவது என்றால் எல்லா ஊரிலும் பெண்களின் வயதை ஏற்றுவார்கள், இங்கே ஆண்களின் வயது இறங்கியது. பொலிவியாவும் 65ஐ 60 ஆக்கியது.

இந்தியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் 1995 ஆகஸ்ட் 15இல் வந்தபோது 65 வயது, மாதம் 75 ரூபாய். 2011இல் வயதை 60 ஆக்கினார்கள், அது நல்ல முடிவு என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் 60இலிருந்து 79 வரை மத்திய அரசின் பங்கு 200 ரூபாய், 80 தாண்டினால் 500. அந்த 200 அதற்குப் பிறகு ஏறவே இல்லை, மாநிலங்கள் தங்கள் கையிலிருந்து போடுவதுதான் மீதி. தெலங்கானா 2022இல் வயதை 57 வரை இறக்கியது.

இதில் ஒரு பொறி இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. இந்த மாநிலத்துக்கு இத்தனை பேர்தான் என்று மத்தியப் பங்குக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். வயதைக் குறைத்துவிட்டு அந்த எண்ணிக்கையை ஏற்றாமல் விட்டால் என்ன ஆகும்? வரிசை நீளும். வரிசை நீண்டால் நன்றாக நடக்கத் தெரிந்தவரும் நாலு பேரைத் தெரிந்தவரும் முன்னால் போவார்கள். எழுபத்தெட்டு வயதுப் பாட்டி பின்னால் நிற்பார். வயதைக் குறைத்தோம் என்று அறிவிக்க ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு போதும், எண்ணிக்கையை ஏற்றத்தான் பணம் வேண்டும்.

பழையபேப்பர்:

இரவல்பேனா சொன்ன உச்சவரம்பு விஷயத்தைத் தடித்த எழுத்தில் போட வேண்டும். கூடவே வயதுச் சான்று. பிறப்புப் பதிவே இல்லாத தலைமுறை இது. அடையாள அட்டையில் பாதிப் பேருக்கு ஜனவரி 1 பிறந்தநாள். எழுதியவர் முகத்தைப் பார்த்து ஒரு வருஷத்தைப் போட்டார். அந்த ஊகத்தில் வயது நாலு வருஷம் குறைவாகப் பதிந்திருந்தால், சட்டத்தில் 60 என்று இருந்தாலும் அந்த ஆளுக்கு அது 64. இப்படிப்பட்ட இடத்தில் சட்ட வயதைக் கொஞ்சம் தாழ்வாக வைப்பது இந்தப் பிழைக்கான ஈடு என்றும் பார்க்கலாம்.

கணக்குப்பிள்ளை:

ஒத்துக்கொள்ள வேண்டியதை ஒத்துக்கொள்கிறேன், வரிப்பணத்து உதவித்தொகை வேறு வகை. ஆனாலும் அங்கேயும் ஒரு தேர்வு இருக்கிறது. கையில் உள்ள பணம் இவ்வளவு என்றால், 60 வயதுக்காரருக்கும் சேர்த்து சொற்பமாகக் கொடுப்பதா, 70 தாண்டியவருக்குச் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் போதுகிற அளவு கொடுப்பதா? ஒரே போர்வையை இன்னும் இரண்டு பேர் சேர்ந்து இழுத்தால் எல்லாருக்கும் கால் வெளியே தெரியும். அரசியல்வாதிக்கு வயதைக் குறைப்பதுதான் பிடிக்கும், புதிதாக உள்ளே வருகிற ஒவ்வொருவரும் ஓட்டு. ஏற்கெனவே வாங்குகிறவருக்கு நூறு ரூபாய் கூட்டினால் அந்த அளவு பேர் வராது.

போலந்தைப் பாருங்கள். 2012இல் 67 வரை ஏற்றுகிற சட்டம், பெரிய எதிர்ப்பு, அடுத்து வந்த ஆட்சி 2017 அக்டோபரிலிருந்து பெண்களுக்கு 60, ஆண்களுக்கு 65 என்று பழையபடி இறக்கிவிட்டது. வாக்குறுதியைக் காப்பாற்றினார்கள், மறுக்கவில்லை. ஆனால் அங்கே அவரவர் கணக்கில் சேர்ந்த தொகையை மீதி ஆயுளால் வகுத்துத்தான் பென்ஷன். அறுபதில் போகிற பெண்ணுக்குச் சேர்ந்ததும் குறைவு, வகுக்கிற வருஷமும் அதிகம். உரிமை கிடைத்தது, தொகை சுருங்கியது.

கொத்தனார்மகள்:

போலந்துப் பெண்கள் அதைத் தெரிந்துதான் போகிறார்கள் என்று நினைக்கிறேன். பேரப்பிள்ளையைப் பார்க்க, படுக்கையில் இருக்கிற அம்மாவைப் பார்க்க ஒருவர் வீட்டில் வேண்டும், அது யார் என்று எல்லா நாட்டிலும் முன்கூட்டியே முடிவு செய்தாகிவிட்டது. அந்த வேலைக்குத் தனியாகச் சம்பளம் கொடுத்துவிட்டுப் பிறகு வயதைப் பற்றிப் பேசுங்கள்.

உங்கள் போர்வையைப் பற்றியும் ஒன்று. போர்வை இவ்வளவுதான் என்று ஏன் முதலிலேயே முடிவு செய்கிறீர்கள்?

முட்டுச்சந்து:

அமெரிக்காவில் 62லேயே வாங்கலாம் என்கிறார்களே, அப்படியானால் அங்கே வயதைக் குறைத்தாயிற்று என்று அர்த்தமா?

இரவல்பேனா:

குறைத்தது போலவும் குறைக்காதது போலவும். பெண்களுக்கு 1956இலும் ஆண்களுக்கு 1961இலும் 62இல் எடுக்கலாம் என்று கொண்டுவந்தார்கள், ஆனால் குறைந்த தொகையில். இப்போது முழுத் தொகைக்கு வயது 67, 1960இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு. 62இல் எடுத்தால் 30 சதவீதம் வெட்டு, அது ஆயுள் முழுக்க. சீக்கிரம் இறந்துபோகிறவருக்கு இதில் நஷ்டமில்லை, கணக்கு அப்படி. ஆனால் முதுகு போய் வேறு வழியில்லாமல் 62இல் எடுத்துவிட்டு எண்பத்தெட்டு வரை இருக்கிறவர் அந்த வெட்டுப்பட்ட தொகையோடுதான் கடைசிவரை ஓட்ட வேண்டும். ‘உங்கள் விருப்பம்’ என்று சொல்கிறார்கள். நன்றாக இருக்கிறவருக்கு விருப்பம், முடியாதவருக்குக் கட்டாயம்.

சும்மாஇருப்பவன்:

எனக்கு இப்போது இப்படித் தோன்றுகிறது. சந்தா கட்டுகிற திட்டத்தில் எல்லாருக்கும் ஒரே வெட்டாக வயதைக் குறைக்க வேண்டாம், வருஷத்தை எண்ணி, சீக்கிரம் ஆரம்பித்தவரைச் சீக்கிரம் விடலாம், பிள்ளை வளர்த்ததையும் நோயாளியைப் பார்த்ததையும் வருஷமாகச் சேர்க்கலாம். வரிப்பணத்து உதவித்தொகையில் வயதைக் குறைக்கலாம், ஆனால் எண்ணிக்கை வரம்பையும் அன்றைக்கே எடுக்க வேண்டும், தொகையை விலைவாசியோடு கட்ட வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் வரும் ‘வயது குறைப்பு’ அறிவிப்பை நான் கைதட்டி வரவேற்கப் போவதில்லை.

கணக்குப்பிள்ளை:

முதல் பாதிக்கு என் ஓட்டு. இரண்டாவதில் ஒரு கேள்வி. இன்று 57 என்று இறக்கிவிட்டு இருபது வருஷம் கழித்து முதியவர் எண்ணிக்கை இரட்டிப்பானால் ஏற்றுவீர்களா? ஏற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று பாருங்கள். ரஷ்யாவில் 2018இல் உலகக் கோப்பை ஆரம்பிக்கிற நாளில் அறிவித்தார்கள், அப்படியும் தெருவுக்கு வந்துவிட்டார்கள், பெண்களுக்கு 63 என்று சொன்னதை 60ஆகக் குறைத்துத்தான் நிறைவேற்ற முடிந்தது. பிரிட்டனில் பெண்களின் வயதை ஏற்ற 1995இலேயே சட்டம், ஆனால் 1950களில் பிறந்த பெண்களில் ஏராளமானவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லவே இல்லை, நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளர் 2024இல் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னார், அரசு அந்த வருஷமே முடியாது என்றுவிட்டது.

கொத்தனார்மகள்:

அது ஏற்றியதில் நடந்த அநியாயம் சார், அதைக் காட்டி இறக்காதே என்கிறீர்கள். நாளைக்கு எவனோ ஒழுங்காகக் கடிதம் போடமாட்டான் என்பதற்காக இன்றைக்கு ஐம்பத்தெட்டில் நிற்கிறவர் காத்திருக்க வேண்டுமா? இருபது வருஷம் கழித்து ஏற்ற வேண்டி வந்தால் இருபது வருஷம் முன்னாலேயே சொல்லுங்கள், இப்போது முப்பத்தைந்தில் இருப்பவர் கேட்டுத் தயாராகிக்கொள்வார். ஐம்பத்தெட்டில் இருப்பவருக்குத் தயாராக நேரமில்லை.

கணக்குப்பிள்ளை:

அப்படியானால் இறக்குகிற சட்டத்திலேயே எழுதிவிடுங்கள்: இன்ன ஆண்டில் மறுபரிசீலனை, ஏற்றுவதானால் குறைந்தது பத்து வருஷ முன்னறிவிப்பு என்று. அப்படி எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். பத்து, இருபது இல்லை.

கொத்தனார்மகள்:

பதினைந்து.